நாற்பத்து நாலு கோடி

பொன்னுரங்கம் சார் ஐம்பத்தொன்பது வயதில் மாணவர் ஆனவர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. மலைப் பாறைகளைப் படிக்கிறேன் என்று குன்னூர்ப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆய்வு மாணவராக வந்து சேர்ந்துவிட்டார். அவருக்கு வழிகாட்டி ஜெபமாலை மேடம், முப்பத்தொன்பது வயது. பேத்தி வயசுக்காரியிடம் பாடம் கேட்கிறாரே என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். “பேத்தி இல்லை, மக வயசு. கணக்கைச் சரியாப் போடுங்க” என்பார் சார்.

சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒரு டிசம்பர் காலையில் தன் ஆய்வறிக்கையைக் கொண்டுவந்து மேடத்தின் மேசையில் வைத்தார். மதியம் இரண்டு மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது. இரண்டு தடவை அவகாசம் வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. இன்றைக்குத் தேறாவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருஷப் பாடும் அம்போ.

மேடம் நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பாறையின் வயது நாற்பத்து நாலு கோடி வருஷம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

“இதை எந்தத் தாது சொல்லுச்சு, சார்?”

“எதுவும் சொல்லலை, மேடம். நான்தான் சொன்னேன்.”

“நீங்களா?”

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரே கல்லிலிருந்துதான் மூன்று தாதுக்களைப் பிரித்து வயது பார்க்க அனுப்பியிருந்தார். சிர்கான் எழுபது கோடி வருஷம் என்று வந்தது. காக்காப்பொன், அதாவது மைக்கா, ஐம்பது. அபடைட் வெறும் பன்னிரண்டு. ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பேர் ஆளுக்கொரு பிறந்த தேதி சொன்னால் மனுஷன் என்னதான் செய்வான்?

“கூட்டி மூணால வகுத்துட்டேன்” என்றார்.

மேடம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“வாங்க” என்று எழுந்தார்.

ஆய்வுக்கூடத்தில் ஜன்னல் திறந்து கிடந்தது. மலைக்காற்று ஊசியாய்க் குத்தியது. மேடம் ஒரு தகரத் தொட்டியில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றினார். மூன்று எவர்சில்வர் டம்ளர்களை அதில் நிறுத்தினார். ஒன்றில் மெழுகுவத்தித் துண்டுகள், ஒன்றில் வனஸ்பதி, ஒன்றில் தேங்காயெண்ணெய். கொஞ்ச நேரத்தில் மூன்றும் தண்ணீராய் உருகி நின்றன.

“மணி என்ன?”

“ஒம்பது.”

“எது எப்ப உறையுதுன்னு நோட்டுல எழுதுங்க.”

சாருக்கு எரிச்சலாக வந்தது. மதியம் தலை போகிற காரியம் இருக்கிறது, இந்தம்மா எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் குரு சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பதே காலுக்கு மெழுகு உறைந்தது. ஒன்பது முப்பத்தாறுக்கு வனஸ்பதி வெளுத்துக் கட்டிப்பட்டது. அதை எழுதி முடிக்கும்போது மேடம் போய் ஜன்னலைச் சாத்தினார். தன் கம்பளிச் சால்வையைத் தொட்டிமேல் போர்த்தினார்.

“எதுக்கு மேடம்?”

“குளிருது.”

“தொட்டிக்கா?”

கேண்டீன்காரர் டீயும் பருப்பு வடையும் வைத்துவிட்டுப் போனார். இருவரும் நிதானமாகச் சாப்பிட்டார்கள். சார் அவ்வப்போது சால்வையைத் தூக்கிப் பார்த்தார். தேங்காயெண்ணெய் அசைந்துகொண்டே இருந்தது. பதினொன்று ஒன்பதுக்குத்தான் ஒருவழியாக அதுவும் உறைந்தது.

“மூணும் ஒரே தொட்டி, ஒரே தண்ணி” என்றார் மேடம். “இதுல எது பொய் சொல்லுது, சார்?”

“எதுவும் பொய் சொல்லலையே. ஒவ்வொண்ணும் அதுஅது உறையுற சூட்டுக்கு வந்ததும் உறைஞ்சுது. அந்த நேரத்தைத்தான் காட்டுது.”

சொல்லி முடித்ததும் சார் சரேலென்று ஒரு கிராஃப் தாளை இழுத்தார். குறுக்கே நேரம், நெடுக்கே சூடு. மூன்றும் உறைகிற சூட்டுக்கு நேரே மூன்று புள்ளிகள் வைத்தார், கோடு போட்டார். கோடு முதலில் விறுவிறுவென்று இறங்கி, பிறகு சோம்பி நடந்தது.

“இங்கதான் நீங்க சால்வையைப் போத்துனீங்க” என்று வளைவின் மேல் விரலை வைத்தார்.

மேடம் இன்னொரு தாளை நகர்த்தி வைத்தார்.

அதில் என்ன போட வேண்டும் என்று சாருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாறை ஆறி வரும்போது சிர்கானின் வயதுக் கடிகாரம் ஓடத் தொடங்குவது தொள்ளாயிரம் டிகிரிச் சூட்டில், காக்காப்பொன்னுக்கு முந்நூறு, அபடைட்டுக்கு நூறு. இந்த எண்கள் ஆறு வருஷமாக அவருக்கு மனப்பாடம். மூன்று வயதையும் அதனதன் சூட்டுக்கு நேரே வைத்தார். கோடு எழுபது கோடியிலிருந்து ஐம்பது வரை சரசரவென்று இறங்கியது. அதற்கப்புறம் முப்பத்தெட்டு கோடி வருஷம் நகர்ந்தேனா பார் என்று கிடந்தது.

“ஆழத்துல போத்திக்கிட்டுப் படுத்திருந்திருக்கு, மேடம்” என்றார் மெதுவாக. “நம்ம மலை.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். ஆறு வருஷமாகத் தன்னோடு மல்லுக்கு நின்ற கல் இப்போது தன் கதையைத் தானே சொல்கிறதே.

மேடம் டம்ளர்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். சார் அறிக்கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். சந்தோஷம் மெல்ல வடிந்தது.

“ஒரு சிக்கல் இருக்கு, மேடம். இன்னைக்கு வர்ற வெளிப் பரிசோதகர், பக்கத்து மலைக்கு நாற்பத்தஞ்சு கோடின்னு எழுதினவரு. என்னோடது நாற்பத்து நாலு. பார்த்த உடனே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுருவாரு. இந்த வளைவைக் கொண்டுபோனா, மூணு வயசையும் காட்டி, குடைஞ்சு குடைஞ்சு கேப்பாரு. தேறாமப் போனாலும் போயிருவேன்.”

“ஆமா, கேப்பாரு.”

“நாற்பத்து நாலுன்னே கொடுத்துட்டு, இதை அப்புறமா ஒரு கட்டுரையா எழுதிக்கிட்டா என்ன?”

மேடம் ஈரத்துணியை மேசையில் வைத்தார்.

“நோட்டுல இருக்கிற மூணு நேரத்தையும் கூட்டி மூணால வகுங்க, சார்.”

அவருக்குத் தாளும் பேனாவும் தேவைப்படவில்லை. பதினைந்து நிமிஷம், முப்பத்தாறு நிமிஷம், நூற்று இருபத்தொன்பது நிமிஷம்.

“அறுபது. பத்து மணி வருது.”

“பத்து மணிக்கு என்ன உறைஞ்சுது?”

சார் நோட்டைப் பார்த்தார். பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தை உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மலையின் வளைவு போட்ட கிராஃப் தாளைச் செருகினார்.