சோணைமுத்துவின் ஆட்டுக் கேஸ்

ஒரு ஊர்ல ஒரு பஞ்சவர்ணம் இருந்தா. "ம்" கொட்டுடா பேராண்டி, இல்லாட்டி கதை நின்னுடும்.

"ம்."

அவளுக்கும் பக்கத்து ஊர் இளமாறனுக்கும் கல்யாணம் பேசி, தட்டு மாத்துற நேரம். அப்போ பாத்து மாப்பிள்ளையோட அப்பா எந்திரிச்சார். "பொண்ணோட கொள்ளுத்தாத்தா சோணைமுத்து ஆட்டுக் கேஸ்ல கோர்ட்டுக்குப் போனவராமே? ஆடு திருடின வம்சத்துல பொண்ணு எடுக்க மாட்டேன்"னுட்டார்.

பஞ்சவர்ணத்துக்கு இளமாறனை விட்டுட மனசில்லை. "கேஸ் கட்டைத் தேடிக் கொண்டாறேன் மாமா. நீங்களே படிச்சுப் பாருங்க"ன்னா.

அப்புறம் டவுன் கோர்ட்டுக்குப் போனா. பழைய கட்டுங்க இருக்கிற ரூமைத் திறந்தா, யப்பா! கட்டுங்க கூரையைப் பிச்சுக்கிட்டு மேகம் வரைக்கும் நிக்குது. ஒரே தூசி. "ஹச்ச்!"னு ஒரு தும்மல் போட்டா பாரு, மூணு தெரு தள்ளி ஒரு கல்யாணப் பந்தலே பறந்துபோச்சு.

"நெசமாவா தாத்தா?"

பொய் சொல்வேனா? நான்தானே ஓடிப்போய்ப் பிடிச்சேன்.

அங்க இருந்த கிளார்க், "வருஷம் தெரியுமா? கேஸ் நம்பர்?"னு கேட்டார்.

"ஆடு தெரியும்."

"ஆட்டை வச்சு எங்கம்மா தேடுறது?"

அப்போ வெளியில டவாலி, கேஸுக்கு வந்தவங்க பேரை மூணு மூணு தடவை கூவுறான். கூப்பிட்ட ஆளு குடுகுடுன்னு ஓடி வர்றான். 'ஆளே வருது, கட்டு வராதா?'ன்னு பஞ்சவர்ணம் தொண்டையைச் செருமினா.

"ஆடு திருடின சோணைமுத்து! சோணைமுத்து! சோணைமுத்தேய்!"

ஒரு கட்டும் அசையலை.

"திருட்டைப் பாத்த சாட்சி சோணைமுத்து! சோணைமுத்து! சோணைமுத்தேய்!"

ஒரு எலி மட்டும் எட்டிப் பாத்து, 'நான் இல்லை'ங்கிற மாதிரி ஓடிப்போச்சு. கிளார்க் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார். இவளுக்கு அழுகை முட்டுது. கடைசியா, "ஆட்டைப் பறிகொடுத்த சோணைமுத்துத் தாத்தா..."ன்னா.

சரசர... சரசர... தொபுக்கடீர்! மேகத்துல இருந்து ஒரு கட்டு அவ மடியில வந்து விழுந்துச்சு!

"ம்! அப்புறம்?"

பிரிச்சுப் பாத்தா, 'என் செவலை ஆட்டைக் காணோம்'னு புகார் கொடுத்ததே சோணைமுத்துதான்டா! ஜெயிச்சு, ஆட்டையும் ஓட்டிக்கிட்டு வந்திருக்கார். கோர்ட் படி ஏறினாலே தப்பு பண்ணவன்னு நினைக்கிற ஊர் அது. ஆட்டைத் தொலைச்ச மனுஷனையே திருடனாக்கிட்டாங்க.

கிளார்க் நகல் எடுத்து, டப்புன்னு முத்திரை குத்திக் கொடுத்தார். பஞ்சவர்ணம் ஊருக்குக் கொண்டாந்து நீட்ட, மாப்பிள்ளையோட அப்பா வாங்கிப் படிச்சார். திருடினவன் பேரு வந்ததும் அவருக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு. ஏன்னா அது அவரோட சொந்தத் தாத்தா பேரு!

பஞ்சவர்ணம் கிட்ட வந்து, "அதை மட்டும் சத்தமாப் படிக்காதீங்க மாமா. தட்டை மாத்துங்க"ன்னா.

தட்டு மாறுச்சு. ரெண்டு வீட்டாரும் "அப்பாடா"ன்னு விட்ட மூச்சுல ஊர் விளக்கெல்லாம் அணைஞ்சுபோச்சு. அவ்ளோதான், இருட்டுல கதைக்கு வழி தெரியலை. கண்ணை மூடுடா.