இடப்பக்கம் நின்றவன்

நாளையிலிருந்து நடக்க ஆரம்பிக்கிறேன், அடுத்த மாதம் ஓட ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்களுக்கான கதை. சிரித்துக்கொண்டே எழுந்து போகிற கதை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் கரைக்கு யவனர்களின் கப்பல் வந்து சேர்வதற்கும் வெகு காலம் முன்பு, கடலுக்கு அப்பால், கிரேக்க தேசத்தில், காலிதேனா என்று ஒரு மலை நகரம் இருந்தது. மலைச்சரிவெல்லாம் ஆலிவ் மரங்கள், கீழே சமவெளியில் பார்லி வயல்கள். அங்கே ராஜா கிடையாது. ஊர்ச்சபை கூடிப் பேசி எதையும் முடிவு செய்யும். அந்த ஊர்க்காரர்களுக்கு மூன்று ஆசைகள் உண்டு. ஒன்று பேச்சு, இரண்டு பேச்சு, மூன்றும் பேச்சுதான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சபையில் ஒருவன் எழுந்து ஒன்றைச் சொல்லி, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாமல் போனால், அதை ஊர் முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் இல்லாத பேச்சு உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். அறிவாளிகள்தான். ஆனாலும் இந்த ஓரிடத்தில் கோட்டை விட்டார்கள்.

அந்த ஊரில் யூமெலஸ் என்று ஒரு தத்துவ ஞானி இருந்தான். கிழவன் இல்லை, நடுவயதுக்காரன். மனிதன் எப்படி வாழ வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சக் கூடாது என்று சந்தைத் தூண்களின் நிழலில் உட்கார்ந்து பேசுவான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவனிடம் வந்து பேசிவிட்டுப் போனால் அன்றைக்காவது தூங்குவார்கள். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அவன் தங்கை மிர்தோ. அவள் கணவன் தோரியன், ஆலிவ் எண்ணெய் ஆட்டுகிறவன், அதே தெருவில் அடுத்த வீடு. தோரியன் அதிகம் பேசமாட்டான். மைத்துனன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவனுக்குப் போதும்.

இனி வருவதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் போர் என்று வந்தால் அடிமைகளைத் தவிர எல்லா ஆண்களும் போக வேண்டும். தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பார்கள். வலக்கையில் ஈட்டி, இடக்கையில் வட்டக் கேடயம். அந்தக் கேடயத்தின் பாதி அவனவனைக் காக்கும். மீதிப் பாதி, இடப்பக்கம் நிற்கிறவனின் விலாவைக் காக்கும். ஈட்டியை ஓங்கும்போது தன் வலது விலாவை ஒருவனும் தானே மறைத்துக்கொள்ள முடியாது. அதை வலப்பக்கம் நிற்பவன் கையில்தான் ஒப்படைத்திருக்கிறான்.

கேடயம் என்றால் முறம் போல லேசானது என்று நினைக்காதீர்கள். மரப்பலகை, அதன் மேல் வெண்கலத் தகடு. ஆறு மாதக் குழந்தையை மடக்கிய ஒரே கையில் ஏந்திக்கொண்டு காலை முழுக்க நின்று பாருங்கள், தெரியும். அதனால்தான் அந்த ஊர் ஆண்கள் தினமும் பயிற்சிக் களத்துக்குப் போனார்கள். உடையைக் களைந்து, எண்ணெய் பூசி, ஓடினார்கள், மல்லுக்கு நின்றார்கள், கேடயத்தைத் தூக்கிப் பிடித்தார்கள்.

தெருவில் எந்த வரிசையில் வீடுகளோ, களத்தில் அதே வரிசையில் ஆட்கள். ஆகவே யூமெலஸுக்கு இடப்பக்கம் நின்றவன் தோரியன்.

யூமெலஸ் மட்டும் களத்துக்குப் போகவில்லை.

படைத்தலைவன் ஆந்திரோன் சபையில் எழுந்து அவனைக் கேட்டான். "ஊரே வருகிறது. நீ ஏன் வருவதில்லை?"

யூமெலஸ் சொன்னான்: "உடம்பு வாடகை வீடு. ஆன்மா அதில் குடியிருக்கிறது. நாளைக்குக் காலி செய்யப்போகிற வீட்டுக்கு எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா?"

சபை சிரித்தது. ஆந்திரோனுக்குப் பதில் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வருடம் ஆந்திரோன் மறுபடியும் கேட்டான். யூமெலஸ் சொன்னான்: "செருப்புத் தைப்பவன் தைக்கிறான், சமைப்பவன் சமைக்கிறான். அவனவன் தன் வேலையைச் செய்தால்தான் ஊர் ஒழுங்காக இருக்கும். என் வேலை சிந்திப்பது. செருப்புத் தைப்பவனை அப்பம் சுடச் சொல்வாயா?"

சபை கை தட்டியது. ஆந்திரோன் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாம் முறை ஆந்திரோன் கேட்டபோது, யூமெலஸ் தன் அடிமை கேதஸைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். "என் வயலை இவன் உழுகிறான். விளைச்சல் யாருடையது? என்னுடையது. இவன் கை செய்வது என் கை செய்ததாகிறது. அப்படியானால் இவன் களத்தில் ஓடினால் ஓடுவது நான்தானே?" என்றான்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. வழக்கப்படி சபை ஒப்புக்கொண்டது. மறுநாளிலிருந்து கேதஸ் ஓடினான், கேதஸ் மல்லுக்கு நின்றான், கேதஸ் கேடயம் பிடித்தான். அவன் மார்பு அகன்றது. எஜமானுக்குத் தொந்தி விழுந்தது. வரிசையில் அடிமை நிற்கச் சட்டத்தில் இடமில்லையே, போர் வந்தால் யாருடைய கை அங்கே இருக்கும் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

தோரியனுக்கு அந்தக் கேள்வி தோன்றியது. ஆனால் நாலு பேர் முன்னால் மைத்துனனைத் தலைகுனிய வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

யூமெலஸ் களத்துக்குப் போகாததற்கு உண்மையான காரணம் என்ன தெரியுமா? வெட்கம். அங்கே உடையைக் களைய வேண்டும். இளைஞனாக இருந்தபோதே அவன் உடம்பு தொளதொளவென்று இருக்கும். ஒருநாள் யாரோ பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். வாடகை வீடு, செருப்பு, வயல் என்று அத்தனை பேச்சுக்கும் அடியில் இருந்தது அந்த ஒரு சிரிப்பு. அறிவுள்ளவர்களிடம் இது ஒரு கஷ்டம். மற்றவர்கள் சோம்பலாக இருந்தால் சோம்பலாக இருக்கிறேன் என்பார்கள். இவர்கள் அதற்கு ஒரு கொள்கை கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு வேனிற்காலத்தில், பார்லி முற்றி நிற்கும்போது, சமவெளிக்கு அப்பாலிருந்து பகைவர்கள் கிளம்பி வந்தார்கள். அறுப்பைக் கொள்ளையடித்துப் போனால் காலிதேனா குளிர்காலத்தில் பட்டினி கிடந்து சாகும். ஊர் ஆயுதம் எடுத்தது.

ஆந்திரோன் தோரியனைத் தனியே அழைத்தான். "உன் மைத்துனன் கை தாங்காது. உன் உயிர் அந்தக் கையில் இருக்கிறது. உன்னை வேறு இடத்தில் நிறுத்துகிறேன்" என்றான்.

"நான் நகர்ந்தால் அந்த இடம் காலியாகவா இருக்கும்?" என்று கேட்டான் தோரியன்.

"இன்னொருவன் நிற்பான்."

"அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்குமே."

ஆந்திரோன் யோசித்துச் சொன்னான்: "அப்படியானால் ஒரே வழிதான். வீட்டோடு அப்பனிடமிருந்து வந்த இடத்தை விட்டு, சம்மதம் இல்லாமல் ஒருவனை நாம் விலக்க முடியாது. என்னால் முடியாது என்று அவனே சொல்ல வேண்டும். சொன்னால் கிழவர்களோடு கோட்டை வாசலைக் காக்க வைக்கிறேன். நீ போய்க் கேள். உன்னிடம் சொல்வான்."

தோரியன் அன்று சாயங்காலம் யூமெலஸ் வீட்டுக்குப் போனான். யூமெலஸ் கேடயத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒன்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லு. நாளைக்கு இதைக் கடைசி வரைக்கும் தூக்கிப் பிடிக்க உன்னால் முடியுமா? முடியாது என்றால் சொல்லிவிடு. நான் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன்."

முடியாது என்று யூமெலஸுக்கு நன்றாகத் தெரியும். தோரியன் வருவதற்குச் சற்று முன்புதான் தூக்கிப் பார்த்திருந்தான். நூறு எண்ணுவதற்குள் கீழே வைத்துவிட்டான். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் நாளைக்குத் தெருவெல்லாம் சிரிப்பார்களே என்று நினைத்தான். நினைத்த மறுகணமே வாதம் ஒன்று வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"தோரியா, கனம் கேடயத்தில் இல்லை. கனக்கிறது என்று நினைக்கும் மனத்தில் இருக்கிறது. தூங்குகிறவன் மார்பில் கேடயத்தை வைத்தால் அவனுக்குக் கனம் தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் கனம் என்பது ஒரு நினைப்பு. நினைப்பை ஆளத் தெரிந்தவனுக்கு எது கனம்?"

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தோரியனுக்குத் தெரியவில்லை. "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். மிர்தோ என்ன ஆயிற்று என்று கேட்டபோது, நடந்ததை அப்படியே சொன்னான். அவளும் பதில் யோசித்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் சமவெளியில் இரண்டு வரிசைகளும் மோதின.

முதல் மோதலில் யூமெலஸின் கேடயம் நிமிர்ந்து நின்றது. கனம் ஒரு நினைப்புதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான். இரண்டாம் மோதலில் தோள் நடுங்கியது. மறுபடியும் சொல்லிக்கொண்டான். மூன்றாம் மோதலிலும் வாதம் ஓர் எழுத்து பிசகாமல் நினைவிருந்தது. கை இறங்கிவிட்டது.

ஒரு சாண்தான் இறங்கியது. அந்த ஒரு சாண் இடைவெளியில் பகைவனின் ஈட்டி புகுந்து தோரியனின் வலது விலாவில் இறங்கியது. தோரியன் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. தனக்கு இடப்பக்கம் நின்றவனை மறைத்திருந்த தன் கேடயத்தை, பின் வரிசையில் இருந்தவன் முன்னே வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும் வரைக்கும் பிடித்திருந்தான். பிறகு விழுந்தான்.

எஜமானர்களின் மூட்டை முடிச்சுகளோடு மேட்டில் உட்கார்ந்திருந்த அடிமைகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள். கேதஸும் பார்த்தான். அத்தனை காலம் பயிற்சி எடுத்த அவன் கைகள் அங்கே சும்மா இருந்தன.

ஊர் ஜெயித்தது. பார்லி தப்பியது. யூமெலஸ் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

இறந்தவர்களைக் கேடயத்தின் மேல் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புதைக்கும் முன்பு ஊரிலேயே நன்றாகப் பேசுகிறவன் இறந்தவனின் பெருமையைப் பேச வேண்டும் என்பது அங்கே முறை. பெரியவர்கள் யூமெலஸைத்தான் பேசச் சொன்னார்கள். அவனும் எழுந்தான்.

மிர்தோ எழுந்து தடுத்தாள். "என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வேண்டாம்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, கேடயம் கனமாக இருந்ததா?"

ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. யூமெலஸ் எதையோ சொல்லத் தொடங்கினான், நிறுத்தினான். மறுபடி தொடங்கினான், நிறுத்தினான். மூன்றாம் முறை, "ஆமாம் அம்மா" என்றான்.

முந்தின நாள் சாயங்காலம் சொல்லியிருக்க வேண்டியது அந்த உண்மைதான். அதைச் சொல்லியிருந்தால் தோரியன் உயிரோடு இருந்திருப்பான். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன், இருங்கள்.

மிர்தோ அழுது சண்டை போட்டிருந்தால் யூமெலஸுக்கு அதுவே ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மறுநாள் யூமெலஸ் பயிற்சிக் களத்துக்குப் போனான். எல்லோர் முன்னாலும் உடையைக் களைந்தான். தளர்ந்த தோள், தொங்கும் வயிறு, எதையும் மறைக்கவில்லை. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் ஓடினான். விழுந்தான், எழுந்தான், கேடயத்தைத் தூக்கிப் பிடித்தான். காலம் போகப் போக அவன் தோள் கல்லாக இறுகியது. காலிதேனாவில் அவனைப் போலக் கேடயம் தாங்க ஆள் இல்லை என்ற நிலை வந்தது. தூண் நிழலில் உட்கார்ந்து பேசுவதையும் விட்டுவிட்டான்.

சில வருடங்கள் கழித்து மறுபடியும் போர் வந்தது. வரிசை கட்டும்போது ஆந்திரோன் யூமெலஸை அவனுடைய பழைய இடத்துக்கு அழைத்தான். அவனுக்கு இடப்பக்கம், தோரியன் நின்ற இடத்துக்கு, யார் வருவது என்று ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முன்னே வரவில்லை. அத்தனை வலுவான கை அங்கே இருந்தது. அதன் நிழலில் நிற்க ஒரு மனிதன் இல்லை.

யூமெலஸ் தானாகவே வரிசையின் இடக்கோடிக்கு நடந்து போனான். அங்கே நிற்பவனுக்கு இடப்பக்கம் யாரும் கிடையாது. அவன் கேடயத்தின் பாதி வெறும் காற்றைத்தான் மறைக்கும். நரை விழுந்து, வயது ஏறி, இனி வர வேண்டாம் என்று ஊர் சொல்லும் வரைக்கும், ஒவ்வொரு போரிலும் அந்த இடத்திலேயே நின்றான். கேடயத்தை ஒரு முறைகூட இறக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, இதன் நீதி இதுதான்: அவரவர் உடம்பைப் பேணுவது அவரவர் கடமை, அதை வேறொருவர் செய்து தர முடியாது, அதைத் தட்டிக்கழித்தால் அதற்கான விலையை நம்மை நம்பிப் பக்கத்தில் நிற்பவர்தான் கொடுக்க நேரும்.