மீன்கொத்தியின் நீல வளையம்

அந்தக் காலத்தில் மீன்கொத்தி தண்ணீருக்குள் தலையை விட்டதே கிடையாது. தலையில் இரண்டு சொட்டு விழுந்தாலே தும்மித் தும்மி ஊரைக் கூட்டிவிடுவான். பறவை, மீன், நண்டு எல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசியதில் பாதி சண்டைதான் என்பது வேறு விஷயம்.

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரக் காடு ஒன்று இருந்தது. அங்கே கொக்குக்கும் நாரைக்கும் சாப்பாட்டுக் கவலை இல்லை. நீளக் கால், நீளக் கழுத்து; நின்ற இடத்திலேயே குனிந்து கொத்திக்கொள்ளலாம். மீன்கொத்திக்குக் கால் இருப்பதே கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கழுத்தை அவன் மனைவியே பார்த்ததில்லை. ஆகவே அவன் கிளையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுத்தான் மீன் பிடித்தான்.

அந்த வருஷத்து வெள்ளத்தில் அவனுடைய பழைய தூண்டில் போய்விட்டது. போன நேரமும் சரியில்லை. ஆற்றங்கரைப் பொந்தில் அப்போதுதான் குஞ்சுகள் பொரித்திருந்தன. தும்பியையும் வெட்டுக்கிளியையும் பிடித்துக் கொடுத்துப் பார்த்தான். கடைக்குட்டிக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவை வாயைப் பிளந்து கத்தும்போது அது தலையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தது.

"மீன் கொண்டாங்க. இல்லேன்னா இந்தப் பிள்ளைய நாம பறிகொடுத்துருவோம்" என்றாள் மனைவி.

அதனால்தான் நண்டு ஆசாரியிடம் போனான். தூண்டில் செய்வதில் அவரை விட்டால் ஆள் கிடையாது. வாங்குகிறவனின் பிடியையும் எடையையும் பார்த்துப் பார்த்துச் செய்வார். மூங்கில் கம்பு நெடுக நூல் ஓடுவதற்குச் சின்னச் சின்ன வளையங்கள் கட்டுவார். கடைசி வளையம் கம்பின் நுனியில் வரும். அதன் அடியில் ஒரு குட்டிக் குழல் இருக்கும். கம்பின் நுனியை அந்தக் குழலுக்குள் செருகி, உருக்கிய அரக்கு வைத்து ஒட்டுவார். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது என்று ஒரு கூடை வளையத்தைப் போட்டுப் போட்டுக் கழற்றுவார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எல்லா வளையமும் ஒரே நேராக நிற்கிறதா என்று கம்பு நெடுகப் பார்ப்பார். பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குப் பொறுமை போய்விடும்.

கடைசியில் ஒன்று பொருந்தியது. மங்கலான சாம்பல் நிறச் சிப்பி வளையம்.

"இதா?" என்றான் மீன்கொத்தி.

"ஏன், இதுக்கு என்னவே?"

"அழுக்கு மாதிரி இருக்கே ஆசாரியாரே. அந்தா தொங்குதே, அதப் போட்டாத்தான் என்ன?"

ஆசாரியின் பொந்து வாசலில், ஒரு வேர் நுனியில் நீல வளையம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நீலம் ஓடிய சிப்பியில் செய்தது. மீன்கொத்தியின் முதுகும் அதுவும் ஒரே நிறம். ஆசாரி ஏதோ ஆசையில் செய்துவிட்டார். குழல் மிகச் சிறியதாகப் போய்விட்டதால் எந்தக் கம்புக்கும் அது ஆகவில்லை. ஆகாததை எடுத்து உள்ளே வைக்க வேண்டியதுதானே? வருகிறவன் போகிறவன் பார்த்து மெச்சட்டும் என்று வாசலில் தொங்கவிட்டிருந்தார். அவரையும் என்ன சொல்வது.

"அது உம்ம கம்புக்குப் பத்தாது வே. நுனி உள்ள போகாது."

"கொஞ்சம் சீவிட்டாப் போயிரும்லா?"

ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "சீவுவீரு! மூங்கிலுக்குப் பலமே மேல்தோல்லதான் இருக்கு. அதச் சீவிட்டா உள்ள என்ன இருக்கும், வெறும் சக்கை. நான் தோடு கழத்தப் போறேன். உடம்பு தேறி வந்ததும் உம்ம நுனிக்கு அளவா நீலத்துலயே ஒண்ணு செஞ்சு தாரேன். அதுவரைக்கும் இத வச்சு மீனப் பிடியும். பிள்ளை பட்டினி கெடக்குன்னு நீருதானே வே சொன்னீரு?"

"சரி சரி" என்றான் மீன்கொத்தி. இந்த 'சரி சரி' இருக்கிறதே, அதைச் சொல்லுகிறவனை மட்டும் நம்பவே கூடாது.

ஆசாரி தன் மேல் ஓடான பழைய தோட்டைக் கழற்றப் பொந்துக்குள் போய் மண்ணால் வாசலை அடைத்துக்கொண்டார். நண்டுக்குத் தோடு கழன்றால் உடம்பு பஞ்சாகிவிடும். அது கெட்டிப்படும் வரை வெளியே வர முடியாது. அவர் அடைத்ததுதான் தாமதம், மீன்கொத்தி நீல வளையத்தைக் கழற்றி எடுத்தான். வெயிலில் கொதித்துக் கிடந்த பாறையில் கம்பின் நுனியை வைத்தான். அரக்கு இளகியது. சாம்பல் வளையத்தைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தான். பிறகு அலகால் நுனியைச் சீவ ஆரம்பித்தான். போகவில்லை. இன்னும் சீவினான். இன்னும் போகவில்லை. வெள்ளைச் சக்கை தெரிகிற வரை சீவி, வளையத்தை உள்ளே தள்ளி, அரக்கை அப்பிவிட்டான்.

வளையம் கோணலாகத்தான் நின்றது. அவன் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

அதோடு மீன் பிடிக்கப் போனானா? இல்லை. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நாரைக்குக் காட்டினான், கொக்குக்குக் காட்டினான், ஒன்றும் புரியாத உளுவை மீனுக்குக்கூடக் காட்டினான். வெயில் சாய்ந்த பிறகுதான் தன் பொந்துக்கு எதிரே இருந்த கிளையில் வந்து உட்கார்ந்தான். மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலைப் போட்டதும் ஒரு கொடுவா மீன் குட்டி கவ்வியது. பெரிய மீன் ஒன்றுமில்லை. ஆசாரி செய்து கொடுத்தபடி இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்கியிருக்கலாம். மீன்கொத்தி கம்பை ஒரு இழு இழுத்தான். சீவிய இடத்தில் 'மடக்' என்று ஒடிந்தது. ஒடிந்த மூங்கிலின் கூரான சிம்பில் உரசி நூல் அறுந்தது. மீன், தூண்டில் முள், நூல், நீல வளையம் எல்லாம் ஒன்றாகத் தண்ணீருக்குள் போய்விட்டன.

"ஐயோ, என் வளையம்!" என்று அலறிக்கொண்டு மீன்கொத்தி தலைகீழாகக் குதித்தான். ஆமாம், தண்ணீர் பட்டால் தும்முகிறவன்தான்!

பொந்து வாசலில் நின்ற மனைவி கத்தினாள். "இங்க பிள்ள உசுருக்குப் போராடிட்டுக் கெடக்கு, நீங்க வளையத்துக்கா முங்குதிய?"

அவன் காதில் விழுந்தால்தானே? வெறும் வாயோடு மேலே வந்தான், தும்மினான், மறுபடியும் குதித்தான். இப்படியே குதித்துக் குதித்து ஒரு தடவை அலகில் ஏதோ பளபளவென்று மாட்டியது. கிளைக்குக் கொண்டுவந்து பார்த்தான். சின்ன மடவை மீன்.

"சை! மீனு!" என்று எரிச்சலில் அதைக் கிளையில் ஓங்கி ஓங்கி அறைந்தான். தண்ணீருக்குள்ளேயே திருப்பி எறியவும் போனான். அதற்குள் மனைவி பறந்து வந்து அவன் அலகிலிருந்து மீனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கடைக்குட்டியின் வாயை அலகால் பிரித்து மீனை வைத்தாள். அது பாதியை வெளியே தள்ளியது. மறுபடியும் வைத்தாள். மெல்ல மெல்ல விழுங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, இன்னும் வேண்டும் என்று கத்தியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் வெளியே வந்தபோது மீன்கொத்தி சொட்டச் சொட்ட நனைந்து, இறகெல்லாம் ஒட்டிப்போய்க் கிளையில் உட்கார்ந்திருந்தான்.

"கெடைக்கவே இல்லட்டீ" என்றான். "கொடுவா அதக் கடலுக்கே இழுத்துட்டுப் போயிருக்குமோ?"

கொடுவா முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போனதையும், அதன் வாயோரம் நீல வளையம் மினுங்கியதையும் அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். பொந்துக்குள் குஞ்சு மறுபடியும் கத்தியது.

"அதெல்லாம் போகல. இங்கனதான் எங்கேயாவது கெடக்கும்" என்றாள். "நல்லா உத்துப் பாத்து முங்குங்க."

மீன்கொத்தி தண்ணீரையே வெறித்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருப்பதும், தலைகீழாகப் பாய்வதும், வாயில் வருவது மீன்தான் என்று தெரிந்ததும் அதைக் கிளையில் போட்டு அறைவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அவள் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.