பட்டினி கிடந்த மாமனார்

கருவேலங்குளத்தில் சிங்காரம் என்றொரு கிழக் கூழைக்கடா இருந்தது. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மீனை அலகுப் பையில் ஒரே வாயில் அள்ளும் பறவை அது. மகன் தூரத்து ஏரிக்கு இரை தேடப் போயிருந்தது. மருமகள் பூங்காவனம்தான் மாமனாருக்கு மீன் பிடித்துப் போட்டது. கூட்டில் இரண்டு முட்டைகளை அடைகாத்தும் வந்தது.

ஒரு நாள் காலை சிங்காரம் ஆறு கெண்டைகளை விழுங்கியது. அந்த நேரம் பார்த்து ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது.

"சாப்டீங்களா, பெரியவரே?"

"எங்கேப்பா! சாப்பிட்டு மூணு நாளாச்சு. எனக்கு யாரு போடுறா?"

நீர்க்காகத்துக்கு அழுகை வந்தது. ஆனால் உட்கார்ந்து அழ அதற்கு நேரமில்லை. "மருமக பட்டினி போடுறாளாம்!" என்று கத்திக்கொண்டே குளத்தைச் சுற்றியது. முதல் சுற்றில் மூன்று நாளாக இருந்த பட்டினி, மூன்றாம் சுற்றில் ஒரு மாதமாகிவிட்டது.

பஞ்சாயத்து கூடியது. தலைவர் நீர்நாய் மீசையை நீவிக்கொண்டது.

"காலையிலதான் ஆறு கெண்டை குடுத்தேன், தலைவரே!" என்றது பூங்காவனம்.

"அப்போ பெரியவர் பொய் சொல்றாரா?"

"பொய் இல்லீங்க. மறந்துட்டாரு!"

"தின்ன கெண்டை மறக்குமா? போன மாசம் தின்னதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ குளத்தை விட்டுப் போயிடணும். பெரியவரை நானே பாத்துக்கிறேன்!"

பூங்காவனம் கூட்டைப் பார்த்தது. முட்டைகளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அழுதது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று இரவே நீர்நாய் பெரியவருக்கு ஊர் மெச்ச விருந்து வைத்தது. பன்னிரண்டு விரால்! தன் பங்கையும் கொடுத்துவிட்டு வெறும் தண்ணீரைக் குடித்துப் படுத்தது. மறுநாள் காலை பாராட்டு வாங்க ஊரையே கூட்டியது.

"தலைவர் வீட்டுச் சாப்பாடு எப்படி, பெரியவரே?" என்றது நீர்க்காகம்.

"சாப்பாடா? இந்த மீசைக்காரன் ஒரு பொடி மீனைக்கூடக் கண்ணுல காட்டல!"

சொல்லும்போதே அலகின் ஓரத்தில் ஒரு விரால் வால் ஆடிக்கொண்டிருந்தது.

"ஐயோ! பன்னெண்டு விரால்! என் கையால குடுத்தேன்!" நீர்நாய் குதித்தது.

நீர்க்காகம் அதற்குள் பறந்துவிட்டது. "தலைவர் பட்டினி போடுறாராம்!"

"ஏய்! எறங்குடா கீழே!"

ஓடிக் களைத்த நீர்நாய் பூங்காவனத்திடம் வந்தது. "இந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டேவாம்மா தினமும் மீன் போட்ட?"

"மாமா என்ன பண்ணுவாரு, தலைவரே? மூளையில வந்த நோய். எதிர்த்துப் பேசினா பயந்துடுவாரு. 'இதோ கொண்டு வர்றேன், மாமா'ன்னு ஒரு சின்ன மீனைக் குடுத்தா சிரிச்சுடுவாரு."

நீர்நாய்க்கு வெட்கமாகிவிட்டது. தீர்ப்பை மாற்றியது. நீர்க்காகத்துக்கு ஒரு தண்டனையும் கொடுத்தது: தினமும் காலையில் பெரியவரோடு குளத்தைச் சுற்றி நீந்த வேண்டும்; ஒரே கதையைப் பத்துத் தடவை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்க வேண்டும். மறதி போகவில்லை. ஆனால் பெரியவரின் முகம் தெளிந்தது.

முட்டைகள் பொரிந்த அன்று சிங்காரம் எல்லாரிடமும் சொன்னது: "இந்தக் குளத்துலயே வேளா வேளைக்கு எனக்குச் சாப்பாடு போடுறது என் மருமக ஒருத்திதான்!"

பூங்காவனத்துக்குக் கண் கலங்கியது. சிங்காரம் அதன் பக்கம் திரும்பி அன்பாகக் கேட்டது: "நீ யாரும்மா? சாப்டியா?"

முதுமையில் வரும் மறதி ஒரு நோய். அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரைப் பழிக்கும் முன், ஒரு நாள் அந்த வேலையைச் செய்து பாருங்கள்.