சுடலின்

பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுக்கும் சுடலைமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி செண்பகவல்லிக்கு முப்பத்தாறு. மலைக்காட்டுக் கிலுகிலுப்பைச் செடிகளில் மருந்தாகவும் விஷமாகவும் வேலை செய்கிற ஆல்கலாய்டுச் சத்து என்னென்ன இருக்கிறதென்று எட்டு வருஷமாகத் தேடுகிறார் மனுஷன். இந்த மாதத்தோடு கெடு முடிகிறது. உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை.

அன்றைக்கு ஆய்வகத்துக்குள் வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“மேடம், புது ஆல்கலாய்டு ஒண்ணு கிடைச்சா பேர் வைக்கிற உரிமை யாருக்கு?”

“கண்டுபிடிச்சவருக்கு.”

“அப்போ வச்சாச்சு. சுடலின்.”

வெள்ளைப் பூச்சுத் தட்டை நீட்டினார். இலைச்சாற்றைத் தட்டின் அடியில் தொட்டு வைத்து, மேலே ஏறவிட்டு, மருந்து தெளித்தால் ஆல்கலாய்டு இருக்கும் இடம் ஆரஞ்சாகத் தெரியும். மூன்று மலையில் பறித்த மூன்று வகைச் செடி. மூன்றிலும் ஒரே உயரத்தில் பெரிய ஆரஞ்சுப் பொட்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

செண்பகவல்லி தட்டை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தாள்.

“இதையும் ஓட்டுங்க சார்.”

என்ன ஏதென்று கேட்க அவருக்குப் பொறுமை ஏது? வாயிலிருந்த பாக்கை மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். தையல்காரர் ஊசியைக் கடிப்பதுபோல மெல்லிய கண்ணாடிக் குழலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டைச் சரிசெய்தார். பிறகு அதே குழலால் தொட்டு வைத்தார். குழலைக் கடிப்பது எட்டு வருஷப் பழக்கம்; பாக்கு மட்டும் கெடு நெருங்கியபின் தொற்றியது.

அரைமணியில் மருந்து தெளித்தார். அதே உயரத்தில் அதே பொட்டு.

“இதுலயும் இருக்கு மேடம்.” தட்டை அவள் பக்கம் நீட்டினார். “இது எந்த மலைச் செடி?”

“செடியே இல்ல சார். வெறும் ஆல்கஹால்.”

அவர் சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைக் கேட்டு வாங்கினாள். ஒரு துண்டுப் பாக்கை ஊறவைத்து, புதுக் குழலால் தானே ஓட்டினாள். பொட்டு அங்கேயேதான் வந்து நின்றது.

“பாக்குலயும் ஆல்கலாய்டு உண்டு சார். பேரு சரியாத்தான் வச்சிருக்கீங்க. முழுக்க உங்களோடதுதான்.”

சுடலைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு வருஷமும் போச்சா மேடம்?”

அவள் முதல் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பெரிய பொட்டுக்குக் கீழே மங்கலாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒரு செடியில் இரண்டு, இன்னொன்றில் மூன்று, மூன்றாவதில் ஒன்றே ஒன்று. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. அவர் அவற்றை எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

“இவங்கல்லாம் யாரு மேடம்?” அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“தெரியலையே. உங்க சத்தத்துல அவங்க பேசினது கேக்கல. போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க சார்.”