கழுத்தில் வைத்த சந்தனம்

கோபி டவுனில் பழைய பைக் வாங்குகிறவர்கள் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வண்டியைப் பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று சொல்வது அவள் தொழில். வயது முப்பத்து மூன்று. பன்னிரண்டு வருடம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் பிரித்தவள். விற்கிறவர் வீட்டில் உட்கார மாட்டாள். பார்த்து முடிக்கும்வரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தொன்று. நூல் மில்லில் சூப்பர்வைசர். எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் பின்னால் போய் நின்று கற்றுக்கொண்டிருந்தார்.

"குருவைவிட சிஷ்யன் பதினெட்டு வயசு மூப்பு. பரமசிவனுக்கு முருகன் பாடம் சொன்ன கதையால்ல இருக்குது" என்று மில்லில் கேலி செய்தார்கள். சென்னியப்பன் முருக பக்தர். கேலி அவருக்குப் பிடித்திருந்தது.

மில்லுக்குப் போய்வர அவரிடம் நூறு சிசி வண்டி ஒன்று இருந்தது. இரண்டாவதாக இன்னொன்று வேண்டும் என்றார். தார் ரோட்டிலும் போகவேண்டும், கல்லிலும் சேற்றிலும் ஏறவேண்டும். டூயல் ஸ்போர்ட் என்கிறார்களே, அந்த உயரமான வண்டி. மில்லில் நான்கு பேர் ஜூன் மாதம் லடாக் போகிறார்கள். நானும் வருகிறேன் என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நூறு சிசியில வந்தீங்கன்னா, உங்களையும் வண்டியையும் லாரியில ஏத்தித்தான் கொண்டு போகோணும்" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

சென்னியப்பன் சுகந்தியிடம் கேட்டார்.

"எனக்கு எந்த வண்டி சரியா வருமுங்க அம்மணி?"

அவள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், மழை பெய்து குழம்பிக் கிடந்த மண்ணில், சர்வீசுக்கு வந்த பெரிய வண்டி ஒன்றை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள்.

"தூக்குங்கண்ணா."

மூன்று முறை முயன்றார். மூன்றாம் முறை அவரே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க தனியாத் தூக்க முடியற வண்டியைப் பாருங்க" என்றாள். "ஓட்டறதுக்கு நாலு பேரு சொல்லித் தருவாங்க. விழுந்த இடத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் தேடினார். இரண்டு மாதத்தில் ஒன்பது வண்டிகள் பார்த்து ஒன்பதையும் வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறையும் காரணம் சரியாக இருந்தது. ஒன்றில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு. ஒன்றில் ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியதாக மீட்டர் காட்டியது. ஆனால் கால் வைக்கும் கட்டை தேய்ந்து வழுக்கையாக இருந்தது. சுகந்தி ஒருமுறைகூட நல்லது என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பத்தாவது வண்டியை அவர் தனியாகப் போய் வாங்கினார்.

திங்கட்கிழமை காலை ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மெலிந்த வண்டி. உயரம் சரி, எடை சரி.

"கூப்பிட்டிருக்கலாமுங்களே?" என்றாள் சுகந்தி.

"அடுத்த ஆளு வந்துட்டிருக்கான்னு சொன்னானுங்க. அதுவுமில்லாம, பாக்கறதுக்குத்தான் எனக்கே தெரியுமே. ரெண்டு மணி நேரம் பாத்தேன் அம்மணி. செயின் பாத்தேன், ஸ்போக்ஸ் ஒவ்வொண்ணாத் தட்டிச் சத்தம் கேட்டேன். இன்ஜின் சில்லுன்னு இருக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஒரே உதையில புடிச்சுதுங்க."

அவள் குனிந்து, டேங்குக்கு முன்னால், ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயைப் பார்த்தாள். அங்கே சந்தனம் அப்பியிருந்தது. நடுவில் குங்குமம்.

"இதைத் துடைச்சுப் பாத்தீங்களா?"

"சாமிக்கு வெச்சதுங்க. ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனத்தை அடுத்தவன் வீட்டுல நின்னுக்கிட்டு எப்படித் துடைக்கறது? மாலைகூட அப்படியேதான் தொங்குச்சு."

"பூஜை முடிஞ்சு எத்தனாம் நாள் போனீங்க?"

"அஞ்சாம் நாள்."

"மாலை எப்படி இருந்துச்சு?"

"காஞ்சு சருகாட்டம் இருந்துச்சுங்க."

"சந்தனம்?"

சென்னியப்பன் தன் விரலைப் பார்த்தார். அன்று அதில் ஒட்டியது அவருக்கு நினைவு வந்தது.

"ஈரமா இருந்துச்சு" என்றார்.

சுகந்தி வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தாள். சந்தனம் போனது. அடியில் புது பெயின்ட். பெயின்டுக்கு அடியில், குழாயைச் சுற்றி, புழு ஊர்ந்த மாதிரி ஒரு வெல்டிங் தடம். தடத்தின் ஓரத்தில் முடியளவுக்கு ஒரு விரிசல் மறுபடியும் தொடங்கியிருந்தது.

"எங்கேயோ நேரா மோதியிருக்காங்க. கழுத்து விட்டுப் போச்சு, பத்த வெச்சிருக்காங்க."

"ஓட்ட முடியாதுங்களா?"

"ஓட்டலாம். பள்ளத்துல எறங்கறப்ப ஒருநாள் விட்டுடும். ஹேண்டில் உங்க கையிலயே இருக்கும், சக்கரம் மட்டும் தனியாப் போகும்."

"வேற என்ன பண்றதுங்க?"

"சேஸிஸை அறுத்துப் போட்டுட்டு, மத்ததைப் பார்ட்ஸாக் குடுத்துருங்க. மூணுல ஒரு பங்கு தேறும்."

விற்றவனுக்கு அங்கேயே போன் போட்டார். எண் உபயோகத்தில் இல்லை என்றது. இரண்டாம் முறையும் போட்டார். அதே குரல் அதையே சொன்னது.

"எட்டு மாசம் உங்ககூட நின்னும் ஏமாந்துட்டேனுங்களே" என்றார்.

சுகந்தி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மில்லில் வேலை என்று செய்தி அனுப்பினார்.

நான்காவது வாரம் சித்தலிங்கம் என்று ஒருவர் சுகந்தியைத் தேடி வந்தார். பர்கூர் மலைக்காரர். இருபத்தெட்டு வயது. கால்நடைத் துறையில் ஊசி போடும் வேலை. அடிவாரத்துக்கு ஒரு வண்டி வைத்திருந்தார். மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு அது ஏறாது. மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துதான் போகிறார்.

"பெட்டியில ஐஸ் கரையறதுக்குள்ள போய்ச் சேரணும் அக்கா. போன மாசம் கரைஞ்சு மருந்து கெட்டுப்போச்சு. பதினாலு மாடு செத்துச்சு. ஊர்ல என்னைத்தான் திட்டினாங்க. இங்கேயே மில்லுக்குப் பக்கத்துல ஒரு வண்டி இருக்கு. பார்த்துச் சொல்லுங்க."

விற்கிறவர் பெயரை அவள் கேட்பதில்லை. கேட்டால் முகம் பார்க்க வேண்டிவரும் என்பாள்.

தெருவுக்குள் நுழைந்ததும், போவது சென்னியப்பன் வீட்டுக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாசலிலேயே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

சென்னியப்பன் வண்டியைக் கழுவித் துடைத்து வேப்பமரத்து நிழலில் நிறுத்தியிருந்தார். சித்தலிங்கத்தின் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்ததும், துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க அம்மணி" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார் சித்தலிங்கம்.

"எங்கிட்டக் கத்துக்கிட்டவரு" என்றாள் சுகந்தி. "நல்லாப் பார்ப்பாரு. இன்னைக்கு அவரே பாக்கட்டும்."

"விக்கிறவரே பாக்கறதா?"

"நான் பக்கத்துல நிக்கறேன். அண்ணா, இந்தத் தம்பி வாங்கறாரு. அவருக்காக நீங்க பார்த்துச் சொல்லுங்க."

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

அவர் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். செயினை இழுத்துக் காட்டி, இன்னும் நாலாயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்றார். பின் டயர் இந்த மழைக்குள் மாற்றவேண்டும் என்றார். பிரேக் கட்டை பாதிதான் இருக்கிறது என்று, கேட்காமலே சொன்னார். ஸ்போக்ஸைத் தட்டி, ஏழாவது கம்பி தளர்ந்திருப்பதைக் காட்டினார். வாங்குகிறவனின் ஆள் மாதிரியே பேசினார். சித்தலிங்கத்துக்கு நம்பிக்கை வந்தது. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார்.

முன்சக்கரம் முடிந்தது. ஃபோர்க் முடிந்தது. கை மேலே ஏறியது. கழுத்தில் சந்தனம் இருந்தது. புதிது. நடுவில் குங்குமம்.

சென்னியப்பனின் கண் அந்த இடத்தைத் தாண்டி ஹெட்லைட்டுக்குப் போனது.

"லைட்டு ஒரிஜினல்" என்றார்.

"அதுக்குக் கீழே?" என்றாள் சுகந்தி.

"நல்லா இருக்குதுங்க."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன் அம்மணி. நல்லா இருக்குது."

மரத்தில் ஒரு காகம் கத்தியது. உள்ளேயிருந்து அவர் மனைவி டீ டம்ளர்களோடு வந்து, யாரும் எடுக்காததால் தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

"இன்னைக்கு என்னங்க விசேஷம்?" என்று கேட்டார் சித்தலிங்கம், சந்தனத்தைக் காட்டி.

"நேத்துக் கிருத்திகை."

சித்தலிங்கம் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, சந்தனத்தை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

"தம்பி, சாமி சந்தனம்..."

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. சந்தையில மாட்டுக்குப் புண்ணு இருந்தா மேல மஞ்சளைப் பூசிக் கூட்டிட்டு வருவாங்க. பூஜை பண்ணினோம்பாங்க. எனக்குத் துடைச்சுப் பார்த்தே பழகிப்போச்சு."

விரல் நின்றது. பெயின்ட் மினுமினுத்தது. அதற்கடியில் தடம் மேடாக இருந்தது. சித்தலிங்கம் நகத்தால் அதை ஒருமுறை தடவினார்.

"இது என்னங்கண்ணா?"

சென்னியப்பனுக்கு இன்னும் ஒரு நிமிடம் கிடைத்தது.

"அது கம்பெனியிலயே அப்படித்தானுங்க" என்றார் அவர்.

"போலாம் சித்தலிங்கம்" என்றாள் சுகந்தி. "வண்டி வேண்டாம்."

சித்தலிங்கம் எழுந்தார். தடத்தைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் குரலை உயர்த்தவில்லை.

"என் ஊருக்கு எறங்கற வழியைப் பார்த்திருக்கீங்களா அண்ணா?"

சென்னியப்பன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"போன்ல சொன்னேனே. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லைன்னு. நீங்ககூட, பார்த்துப் போங்க தம்பின்னு சொன்னீங்க."

அவர் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனார். தான் வந்த வண்டியை உதைத்தார். அது இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

வேப்பமரத்தடியில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"எனக்குக் குடுத்தவன் சொல்லலீங்களே அம்மணி" என்றார் சென்னியப்பன். "நான் மட்டும் ஏன் சொல்லோணும்? நாலு பேரு முன்னால சிரிப்பாச் சிரிச்சாங்க. பார்ட்ஸாப் போட்டா மூணுல ஒரு பங்கு. அப்புறம் எனக்கு வண்டி ஏது, லடாக் ஏது? இருபது நாள் நான் ஓட்டினேன். ஒண்ணும் ஆகலீங்க."

"எங்கே ஓட்டினீங்க?"

"மில்லுக்கு."

"மெயின் ரோட்டுலயா?"

"ஆமாங்க."

"பள்ளத்துல?"

அவர் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

"பயமா இருந்துச்சுங்க" என்றார்.

தெருவில் வண்டி ஸ்டார்ட் ஆனது. சுகந்தி டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து எப்போதும் பையில் கொண்டுவரும் சின்ன இரும்பு ரம்பத்தை எடுத்தாள். கழுத்துக் குழாயில், வெல்டிங் தடத்தின் மேலேயே, கால் அங்குல ஆழத்துக்கு அறுத்தாள். இரும்புத் தூள் சந்தனத்தில் விழுந்தது. இனி எதைப் பூசினாலும் மறையாது. சென்னியப்பன் தடுக்கவில்லை. நடுவில் வண்டி ஆடியபோது, அவரே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"அம்மணி, அடுத்த ஞாயித்துக்கெழமை நான் வரலாமுங்களா?"

சுகந்தி நின்றாள்.

"வாங்க" என்றாள். "ஆனா வண்டிகிட்ட வர வேண்டாம். விக்கிறவர் பக்கத்துல நில்லுங்க. அவரு கண்ணு எதைப் பாக்காம நழுவுதுன்னு இனி உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."