கிணற்றுக்குப் பூச்சூட்டிய மொட்டைப்புளிக்காரர்கள்

மொட்டைப்புளி ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறைய இருந்தது, செலவழிக்கத்தான் மனசு வராது.

அந்தக் கோடையில் சுற்றுப்பட்டிக் கிணறெல்லாம் வற்றிப்போக, அவர்கள் கிணற்றில் மட்டும் தண்ணீர் தளும்பியது. இருளாண்டிக்கு அதுதான் உயிர். அவன் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த மாடக்கண்ணு, "தண்ணியில்லாத ஊர்ல சம்பந்தம் வைக்க மாட்டேன். கிணத்தைப் பாத்துட்டுத்தான் பொண்ணையே பாப்பேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை வருகிறார்.

"அதுவரைக்கும் வத்தாம இருக்கணுமே!" என்று புலம்பினான் இருளாண்டி.

கப்பலில் சமையல்காரனாக இருந்து ஊர் திரும்பிய மச்சான் பேச்சியப்பன் வழி சொன்னான். "இங்கிலாந்துல ஒரு பக்கம் கிணத்துக்குப் பூவால நன்றி சொல்லுவாங்க மாப்ள. பெரிய பலகையைத் தண்ணியில ஊறப்போட்டு, களிமண் பூசி, பூவிதழாப் பதிச்சுப் படம் பண்ணி, கிணத்தோரம் நிறுத்துவாங்க."

பெரிய பலகைக்கு எங்கே போவது? இருளாண்டி தன் வீட்டு வாசற்கதவையே கழற்றிக் கொண்டுவந்தான். கிணற்றில் போட்டார்கள். மிதந்தது.

"மேல்பக்கம் நனையலையே?"

"திருப்பிப் போடு."

திருப்பினார்கள். "இப்பவும் ஒரு மேல்பக்கம் இருக்கே மச்சான்!"

அம்மிக்கல்லைக் கட்டினார்கள். கதவு அருமையாக ஊறியது, கிணற்றின் அடித்தரையில்.

"இப்ப எப்படி எடுக்கிறது?"

"தண்ணிதான மறைக்குது? இறைச்சிருவோம்."

இருளாண்டி கொஞ்சம் யோசித்தான். "தண்ணிய இறைச்சிட்டா, அப்புறம் எதுக்கு நன்றி?"

"இதுவரைக்கும் இருந்ததுக்கு, மாப்ள."

நியாயம்தானே! வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் ஊரே கூடி இறைத்து ஓடையில் விட்டது. அடிச்சேற்றையே அள்ளிக் கதவில் பூசி, செவ்வந்தியும் அரளியும் பதித்து ஒரு கிணறு செய்தார்கள். அதில் சங்குப்பூத் தண்ணீர் நீலமாய்த் தளும்பியது. கிணற்றுச்சுவர் இடிந்திருந்த இடத்தில் கதவை நிறுத்தினார்கள், கச்சிதமாகப் பொருந்தியது.

மாடக்கண்ணு வந்தார். முறை தெரிந்த மனிதர்; கதவைக் கண்டால் தட்டாமல் நுழைவாரா? தட்டினார்.

"சம்பந்தி, உள்ள வரலாமா?"

சம்பந்தி! பூரித்துப்போன இருளாண்டி, "தாராளமா வாங்க!" என்றான்.

தள்ளினார். கதவு உள்ளே போனது. பின்னாலேயே அவரும்.

சொத்தென்று ஒரு சத்தம். இருளாண்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "அடி பட்டுச்சா?"

"இல்ல, சேறு மெத்தையா இருக்கு. தண்ணி எங்கய்யா?"

"இப்பத்தான்... இறைச்சோம்."

போச்சு, கல்யாணம் போச்சு என்று இருளாண்டி தலையில் கைவைத்தான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது?" கிணற்றுக்குள் குரல் தழுதழுத்தது. "இவ்வளவு முன்யோசனையுள்ள சம்பந்தி வேற எங்க கிடைப்பார்! தட்டை மாத்துவோம்!"

தாம்பூலத் தட்டு வாளியில் இறங்கியது. வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு கீழிருந்து மறுபடியும் குரல்:

"கிணத்தைப் பாத்தாச்சு. இனி பொண்ணை இறக்குங்க!"